எது போதும், எது இல்லாமல் முடியாது

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் என்னை ஏழு மாதம் படாதபாடு படுத்தியவை இரண்டே வகைக் கேள்விகள். நாலைந்து வரியில் யாரோ ஒருவர் எதையோ வாதிட்டு ஒரு முடிவுக்கு வருவார். அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கும். ஒரு வகைக் கேள்வி, எதை ஏற்றுக்கொண்டால் அந்த முடிவு தப்பாமல் வந்து சேரும் என்று கேட்கும். மற்ற வகை, எது இல்லாவிட்டால் அந்த வாதம் விழுந்துவிடும் என்று கேட்கும். ஒன்றில் போதுமானதைக் குறிக்க வேண்டும். மற்றதில் இல்லாமல் முடியாததைக் குறிக்க வேண்டும். நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் குறித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில், பீச் ஸ்திரீட்டுக்குப் பின்சந்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. யாழ்ப்பாண வழியில் வந்த குமாஸ்தா குடும்பம் எங்களுடையது. சான்றிதழ் என்றால் எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்த மரியாதை. டொரண்டோவில் இருந்த மாமா, இங்கே வந்து சட்டம் படி, அதற்கு முதலில் இந்தத் தேர்வை எழுது என்று ஒரு தடித்த புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார். வக்கீல் சொல்லச் சொல்ல அவருடைய ஆங்கிலத்தையே திருத்தி அடிக்கிறவள் நான். அந்தத் திமிரோடுதான் புத்தகத்தைத் திறந்தேன். முதல் வாரத்திலேயே திமிர் இறங்கிவிட்டது.

நான் கட்டிக்கொள்ள நினைத்தவர் அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். செய்து முடித்த சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்க்கும் மேசையில் இருந்தார். சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். நண்பனின் வழக்கு ஒன்றுக்காக எங்கள் அலுவலகத்துக்குத் துணையாக வந்தவர், வழக்கு முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்துப் பையன் என்று ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எப்படியோ மனது மாறிச் சரி என்றாள்.

எங்கள் ஊரில் கல்யாணம் இரண்டு தரம் நடக்கும். முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. சில மாதம் கழித்து, நல்ல நாளும் மண்டபமும் கிடைத்த பிறகு, கோயிலில் தாலி. கையெழுத்துப் போட்ட அன்று மாப்பிள்ளை மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் பெண் வீட்டுக்கும் போய்விட வேண்டும். சட்டத்துக்கு அவர்கள் புருஷன் பெண்டாட்டி. ஊருக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. கனடாவுக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பதற்காக நாங்கள் ஜூன் மாதமே பதிவு செய்துகொண்டோம். தாலிக்குத் தை மாதத்தில் ஒரு நாள் குறித்திருந்தார்கள்.

பதிவு அன்று அவருடைய அம்மா தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, ஃபெரி பிடித்து வந்திருந்தார். கையெழுத்து முடிந்து வெளியே வந்ததும், அலுவலக நடையிலேயே என்னைப் பிடித்து நிறுத்தி, சேலை முடிச்சிலிருந்து குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தார்.

"வாடி மருமவளே," என்றார். "இனிமே என்னைய அத்தைன்னு கூப்பிடு."

என் அம்மா பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் என் நெற்றியைத் துடைத்தாள். "அதெல்லாம் தாலி ஏறின பிறகு, பிள்ளை," என்றாள்.

அம்மாவைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது. அப்பா போனபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் இரவல் வாங்க வருவார்கள். அவளைக் கூப்பிட மாட்டார்கள். அவளும் பாத்திரத்தைத் துலக்கிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். இதையெல்லாம் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு முன்கூடத்தில் உட்காருவார். கதவு திறந்திருக்க வேண்டும். அம்மா காது கேட்கும் தூரத்தில் இருப்பாள். ஊர் சுற்றப் போக அனுமதி இல்லை. அதனால் எங்களுக்குப் பேசக் கிடைத்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான். அவர் கேள்வியை வாசிப்பார், நான் விடை சொல்வேன். ஆங்கிலத்தில் என்ன பேசிக்கொள்கிறோம் என்று அம்மாவுக்குப் புரியாது. படிக்கிறார்கள் என்று நம்பினாள். படிக்கவும்தான் செய்தோம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எது இல்லாமல் முடியாது என்று கேட்டாலும் பெரிய விடையையே குறிப்பேன். 'எல்லாரும்', 'எப்போதும்', 'ஒருவர்கூட' என்று கனமாக வரும் விடைதான் எனக்குப் பிடிக்கும். அது தவறு என்று புத்தகம் சொன்னால் புத்தகத்தின் மேல் கோபம் வரும்.

அவர் ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தானே ஒரு கேள்வி போட்டார். "பாலம் கட்டிட்டாங்க. அதனால ஃபெரியில கூட்டம் கொறையும். இது எதை நம்பி நிக்குது, சொல்லு."

"ஃபெரியில போற எல்லாரும் பாலத்துக்கு மாறிடுவாங்க," என்றேன்.

"எல்லாரும் எதுக்கு லா? கொஞ்சப் பேரு மாறினாலே கூட்டம் கொறைஞ்சிடுமே. சரி, இப்படிப் பாரு. ஒருத்தருமே மாறலன்னா?"

"அப்ப கூட்டம் குறையாது."

"அதான். கொஞ்சப் பேராவது மாறணும். அதுதான் விடை. சின்னதா இருக்கும், பார்த்தா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். தூக்கிட்டா மொத்தமும் விழுந்துடும்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு படித்த எனக்குப் புரியாதது, தோட்டப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவருக்கு எப்படிப் புரிகிறது என்று கேட்டேவிட்டேன். சுருக்கென்று தைக்கிற மாதிரிதான் கேட்டேன். அவர் சிரித்தார்.

"என் மேசையில நாள் பூரா இதானே வேலை. ஒரு கீறல் இருந்தா போதும், போர்டு ரிஜெக்ட். ஆனா கீறல் இல்லாமலும் ரிஜெக்ட் ஆவும். அதே மாதிரி, கரண்ட் வந்தா மட்டும் பாஸ் ஆவாது. ஆனா கரண்ட் வரலன்னா மத்தது எல்லாம் சரியா இருந்தாலும் குப்பைதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பதிவுச் சான்றிதழின் நகலைப் பர்சிலிருந்து எடுத்துக் காட்டினார். நாலாக மடித்து வைத்திருந்தார். அதன் பின்பக்கத்தில் என் அலுவலகத் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தார். எதற்கு இதைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஃபேக்டரியில ஒருத்தனும் நம்ப மாட்றான்," என்றார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போலீஸிடமிருந்து அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன். மலாயில் பேசிய அந்த அதிகாரி, என் பெயரைச் சொல்லி, அவர் பெயரையும் சொல்லி, நீங்கள் அவருடைய மனைவியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில், மழையில், சந்திப்பு ஒன்றில் லாரி மோதியிருக்கிறது. பர்சில் இருந்த நகலைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் தகவல் சொன்னார்கள். தோட்டத்தில் அத்தைக்குத் தொலைபேசி கிடையாது. பெற்றவருக்குத் தெரியும் முன் எனக்குத் தெரிந்துவிட்டது.

தனியாக ஃபெரியில் போனேன். அக்கரையில் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர்தான் என்று பார்த்துச் சொன்னேன். முகத்தில் ஒன்றும் இல்லை, தாடையில் ஒரு சிறு கீறல் மட்டும். உடலை வாங்கிக்கொள்ள ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். மலாயில் மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அங்கே போதுமானதாக இருந்தது. வேறு யாரையும் கூட்டிவா என்று அவர்கள் சொல்லவில்லை. அதற்குள் போலீஸ் சொல்லியனுப்பி அத்தை தோட்டத்து ஆட்களோடு வந்து சேர்ந்தார். என்னைக் கட்டிக்கொண்டு, "மருமவளே, மருமவளே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களோடு நான் லயத்துக்குப் போகவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நானும் அம்மாவும் வாடகைக் காரில் பாலத்தைக் கடந்தோம். பாலத்தை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"அங்க போய்ப் பின்னால என்னோட இரு. கிட்டப் போகாத. வாய்க்கரிசி போடக் கூப்பிடுவினம், போடாத."

"ஏன்?"

"பொண்டாட்டியா நின்று போட்டா நீ விதவை, பிள்ளை. இப்ப நீ விதவை இல்ல. தாலி ஏறல. ஒண்டும் ஆகல உனக்கு. நான் பட்டது எனக்குப் போதும்."

சண்டை போடவாவது போட்டிருக்கலாம். என் புத்தி அந்த நேரத்தில் என்ன செய்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மாவின் பேச்சைக் கேள்வித்தாளில் வந்த வாதம் போல எடுத்துவைத்து, இது எதை நம்பி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. தாலி இல்லாமல் மனைவி இல்லை. அதைத்தான் அம்மா நம்பினாள். போலீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அப்படி இல்லையே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

லயத்துக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு, பெஞ்சில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டியிருந்தது. அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். அம்மா என் கையை விடவில்லை. நாங்கள் பின்னால், அக்கம்பக்கத்துப் பெண்களோடு நின்றோம். அத்தை ஒதுக்கிய இடம் காலியாகவே இருந்தது.

சடங்கு செய்ய வந்த ஆள் கிண்ணத்தில் அரிசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதைத் தொடங்கும் முன்னும் தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் அவர் கேட்டார்.

"இவருக்குக் கல்யாணம் ஆயிருக்கா, ஆவலயா? அதுக்குத் தகுந்தாப்லதான் செய்யணும்."

ஒரு பெண் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "கையெழுத்துதானே போட்டாங்க. தாலி இல்லையே, எதை அறுக்கிறது?"

அத்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என்னை மட்டும்தான் பார்த்தார். "என் மருமவ இருக்கா," என்றார். "அவளே சொல்லுவா."

எல்லாரும் திரும்பினார்கள். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. முந்தின நாள் தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரரிடம் யோசிக்காமல் சொன்ன அதே ஆமாம். அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். சொன்னால் இந்தப் பெண்கள் ஒப்புக்கொள்வார்களா? சடங்குக்காரர் ஒப்புக்கொள்வாரா? அம்மா மூர்ச்சை போட்டு விழுவாளா? அந்த ஒரு வார்த்தை எதையும் தீர்த்துவைக்கப் போவதில்லை என்று தோன்றியது. எல்லாருடைய வாயையும் அடைக்கிற மாதிரி பெரிதாக ஒன்று கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"கல்யாணம் ஆகல," என்றாள் அம்மா. "தையிலதான் வச்சிருந்தது."

நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தன் மகனின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்யாணம் ஆகாமல் போனவனை ஒண்டிக்கட்டையாக அனுப்பக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எனக்கு அது அதுவரை தெரியாது. சடங்குக்காரர் ஒருவரிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் கத்தியோடு லயத்துக்குப் பின்னால் போய் இடுப்புயர வாழைக்கன்று ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தார். அதைப் பெஞ்சை ஒட்டி நிறுத்தினார்கள். தண்டில் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்து, அவருடைய விறைத்த கையை இருவர் பிடித்துத் தூக்கி, அந்தக் கயிற்றைத் தொடவைத்து, வாழைக்குக் கட்டினார்கள். மேளம் இல்லை. யாரோ ஒரு பெண் பழக்கத்தில் குலவையிடப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு அதே கத்தியால் கயிற்றை அறுத்து, கன்றை இரண்டாக வெட்டி ஓரமாகப் போட்டார்கள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

வாய்க்கரிசிக்கு வரிசையாக எல்லாரும் போனார்கள். தொழிற்சாலையில் அவரோடு மேசையில் இருந்தவர்கள்கூடப் போட்டார்கள். நான் போடவில்லை. தண்டிலிருந்து வடிந்த பால் சிமெண்டுத் தரையில் என் செருப்பு வரைக்கும் ஓடிவந்திருந்தது. நான் காலை நகர்த்தவும் இல்லை.

ஐந்து வாரம் கழித்துக் கோலாலம்பூரில் தேர்வு எழுதினேன். எப்படிப் போனாய், உனக்கு மனசு என்ன கல்லா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். கல்தான் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பதைவிட அது மேல். அந்த இரண்டு வகைக் கேள்விகளும் வந்திருந்தன. ஒன்றைக்கூட மாற்றிக் குறிக்கவில்லை. எது இல்லாமல் முடியாது என்று கேட்ட இடத்தில் எல்லாம் சின்ன விடையைக் குறித்துவிட்டு வந்தேன். அதன் மதிப்பெண்ணில்தான் எனக்கு இடம் கிடைத்தது.

கனடா விண்ணப்பத்தில் திருமண நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. மணமாகாதவள் என்று போடு என்றாள் அம்மா. போட முடியாது, பதிவு இருக்கிறது, பொய் எழுதினால் எல்லாம் போய்விடும் என்று விளக்கினேன். வேறு என்ன போடுவாய் என்று கேட்டாள். விதவை என்று எழுதிக் காட்டினேன். அம்மாவுக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியும். அவளுடைய படிவங்களில் எத்தனையோ வருடமாக அதைத்தானே எழுதி வருகிறாள். அப்படியே சமையல்கட்டுக்குப் போய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் எதிலிருந்து என்னைக் காப்பாற்றினாளோ, அது ஒரு காகிதத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நடந்ததற்கு மொத்தத்தில் ஒரு பலனும் இல்லை. அன்று அவளிடம் கத்தித் தீர்த்திருப்பேன். அவள் அழுததால் விட்டுவிட்டேன்.

விதவை என்று எழுதினால் இறப்புச் சான்றிதழின் நகலையும் இணைக்க வேண்டும். அது அத்தையிடம்தான் இருந்தது. இறுதிச் சடங்குக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. எட்டாம் நாளுக்கும் போகவில்லை, பதினாறுக்கும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

அத்தை லயத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"வாங்க," என்றார். "உள்ள வாங்க. உக்காருங்க."

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வந்த காரியத்தைச் சொன்னேன். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார். அதே உறைக்குள், நாலாக மடித்த அந்தப் பதிவு நகலும் இருந்தது. ஓரத்தில் கறை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பர்சிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே என் கையில் கொடுத்தார்.

"இது போதுங்களா?" என்று கேட்டார். "இல்ல, வேற ஏதாச்சும் வேணுங்களா?"

வாடி என்று என்னைக் கூப்பிட்டவர். அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"போதுங்க," என்றேன்.